ஓர் எழுத்தால் நின்றுபோன தண்ணீர் லாரி

அனுப்புநர்:
சலவைத் தொழிலாளி,
மகப்பேறு மருத்துவமனை,
மலைக்குக் கிழக்குப் பக்கம்.

பெறுநர்:
குடிநீர் வழங்கல் அதிகாரி அவர்கள்,
மலைக்கு மேற்குப் பக்கம்.

பொருள்: ‘மழை மறைவு’ என்பது ‘மழை நிறைவு’ ஆனதால் நின்றுபோன தண்ணீர் லாரியைத் திரும்ப அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

குடையும் கையுமாக அலுவலகம் வரும் மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. கடலிலிருந்து வரும் மேகம் மலையேறும்போது குளிர்ந்து, இருக்கிற தண்ணீரை எல்லாம் தங்கள் பக்கமே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்குவது வெறும் காற்று; அதுவும் சுடு காற்று. இதில் மேகத்தையோ மலையையோ நான் குறை சொல்லவில்லை. அவை மனு வாங்குவதில்லை.

2. இப்படிப்பட்ட இடத்துக்கு ‘மழை மறைவுப் பகுதி’ என்று பெயராம். பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது; வாரம் மூன்று லாரி தண்ணீர் வந்தது. போன மாதம் பதிவேட்டைப் புதிதாகத் தட்டச்சு செய்த தங்கள் எழுத்தர் ‘மறைவு’ என்பதை ‘நிறைவு’ ஆக்கிவிட்டார். மறுநாளே லாரி நின்றது. இத்தனை வருடமாக வானத்தால் முடியாததைத் தங்கள் அலுவலகம் ஓர் எழுத்தில் முடித்துவிட்டது. பலே!

3. நேரில் வந்து முறையிட்டேன். எழுத்தர் ஜன்னலுக்கு வெளியே கொட்டும் மழையைக் காட்டி, “இவ்வளவு பெய்யுது, இன்னும் என்னம்மா தண்ணி?” என்றார். என் சேலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது அவருக்குச் சாட்சியாகவும் போயிற்று. அது தங்கள் பக்கத்து மழை ஐயா. நாற்பது கொண்டை ஊசி வளைவு தாண்டி நான் வீடு சேர்வதற்குள் சேலை காய்ந்துவிட்டது.

4. மருத்துவமனையில் துவைக்காத விரிப்புகள் என் உயரத்துக்குக் குவிந்து கிடக்கின்றன. “கை கழுவத் தண்ணி இல்லாம நான் பிரசவம் பாக்க மாட்டேன்” என்று நர்ஸம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொன்னால் என் வாய் வெந்துபோகும். ஆகவே, வலி எடுத்தவர்கள் அத்தனை வளைவையும் கடந்து தங்கள் பக்கம் வர வேண்டியிருக்கிறது. போன வாரம் ஒருத்திக்குப் பாதி வழியில் ஜீப்பிலேயே பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது ஓட்டுநரின் புண்ணியம். தங்கள் துறைக்கு அதில் பங்கில்லை.

5. அடுத்து என் மகள். தலைச்சன் பிரசவம். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா. இதை மனுவில் எப்படி எழுதுவார்கள் என்று தெரியவில்லை.

6. ‘நி’யை அடித்துவிட்டு ‘ம’ போடுங்கள் என்றால், அதற்குத் திருத்தக் குழு கூட வேண்டுமாம். இருபத்தைந்தாம் தேதி கொடுத்திருக்கிறார்கள். என் மகளுக்கு டாக்டர் கொடுத்த தேதி பதினெட்டு.

எனவே, அந்த ஓர் எழுத்தை இன்றே மாற்றி லாரியை அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பேனா வேண்டுமானால் நானே கொண்டுவருகிறேன். இருபத்தைந்து வரை பொறுக்கும்படி வயிற்றுப் பிள்ளையிடமும் சொல்லிப் பார்த்தோம். அது அரசு ஊழியர் இல்லை. சொன்ன தேதிக்கு வந்துவிடும் போலிருக்கிறது.

இடம்: காய்ந்த பக்கம்
தேதி: ஒன்பது (இன்னும் ஒன்பது நாள்)

காய்ந்த சேலையுடன்,
(ஒப்பம்)
சலவைத் தொழிலாளி