தம்பியின் மாத்திரை

என்னங்க,

மதியத்துக்குக் கொடுத்தனுப்பிய டப்பாவில் சாப்பாட்டுக்குப் பதில் கடிதம் இருக்கிறதே என்று கோபப்படாதீர்கள். நேரில் சொன்னால் எரிந்து விழுவீர்கள்.

உங்கள் தம்பி மாரடைப்பிலிருந்து பிழைத்து வந்ததும், அவருக்கு எழுதிக்கொடுத்த அதே ஆஸ்பிரினை நீங்களும் வாங்கித் தினமும் போட ஆரம்பித்தீர்கள். "ஒரே ரத்தம்தானே, அவனுக்கு நல்லதுன்னா எனக்கும் நல்லதுதான்" என்றீர்கள். பயமாக இருக்கிறது என்று மட்டும் நீங்கள் சொல்லவில்லை.

நேற்று என் இருமலுக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். "அட்டாக் வந்தவருக்கு அது பாதுகாப்பும்மா. இவருக்கு வந்ததே இல்ல, வயித்துல பழைய புண் வேற. நல்லதைவிட ரத்தக் கசிவு ஆபத்துதான் அதிகம். வெளிக்குக் கறுப்பாப் போனா, சாப்பிட விடாம உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்.

கல்யாணமானதிலிருந்து கழிவறை பிரஷ்ஷைத் தொடாதவர், இந்த வாரம் முழுக்க நீங்களே தேய்த்துக் கழுவினீர்கள். நான் பைத்தியக்காரி, பக்கத்து வீட்டில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. நீங்கள் கிளம்பிய பிறகு கழிவறையில் அந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டேன்.

கண்ணாடி வெட்டுவதை அப்படியே போட்டுவிட்டு வெளியே வாருங்கள். கடை வாசலில் வண்டியோடு நிற்கிறேன். கத்துவதென்றால் வண்டியில் ஏறிக் கத்துங்கள், போகிற வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வருகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி