யார் அளவுக்கு ஃப்ரேம் செய்வது, ஜெசி?

என் ஆத்தா ஜெசிந்தாவுக்கு,

'நலமா' என்று எழுதிவிட்டு அடித்தேன். கை இன்னும் பழக்கத்தை விடவில்லை.

கல்லறைத் திருநாளுக்குப் பங்குச் சாமியார் சிறு நினைவு மலர் ஒன்று அச்சடித்துப் போடுகிறார். போய்ச் சேர்ந்தவர்களுக்கு வீட்டுக்கு ஒருவர் எழுதித் தரலாம் என்று பூசையில் அறிவித்தார். உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கல்லூரியில் இயற்பியல் நடத்தியவனுக்கு எழுத வரும் என்று அவள் நினைக்கிறாள். குறிப்பு போட்டுக்கொள்ளாமல் எனக்கு ஒன்றும் வராது என்பது உனக்குத்தான் தெரியும். ஆகவே முதலில் குறிப்பு:

1. உன் என்ஜின் இப்போது இருக்கும் நிலை.
2. இரண்டு ஃப்ரேம்களில் எதைச் செய்யச் சொன்னேன், ஏன்.
3. அந்த ஃப்ரேமை உன் உடம்பின் அளவுக்கே செய்ய வேண்டும், வேறு யார் அளவுக்கும் கூடாது என்பது.
4. உன் தம்பியைப் பற்றி.

இதை ஊரே படிக்கும். வண்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையும் சொல்லிக்கொண்டு போவேன். பொறுத்துக்கொள்.

உன் என்ஜின் கம்பம் ரோட்டில் நம் ஒர்க்‌ஷாப்பில், நீ வைத்த அதே மரத்தாங்கியின் மேல் இருக்கிறது. தேவாரத்துக்கு மேலே ஏலத்தோட்டத்து ஸ்டோரில் சாக்கு சுற்றிக் கிடந்ததை நீயும் உன் தம்பி சேவியரும் ஜீப்பில் இறக்கிக்கொண்டு வந்தீர்களே, அந்தச் சாக்கைக்கூட அவன் தூக்கிப் போடவில்லை. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை ஓட்டிய மோட்டார் சைக்கிள். மலை ஈரத்தில் ஃப்ரேம் என்கிற இரும்புச் சட்டம் துருவேறி உதிர்ந்துபோய், இரட்டை சிலிண்டர் என்ஜின் மட்டும் மிஞ்சியது. அன்று உன் அம்மா அதன் பக்கத்தில் குனிந்து முகர்ந்துவிட்டு, "ஏலக்கா வாசம் தூக்குதுடி. பாயாசத்துல தட்டிப் போடலாம் போல" என்றாள். நீ சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

பிரித்து, தேய்த்து, புது பிஸ்டன் போட்டு, அதை உறுமவைத்துவிட்டுத்தான் நீ காய்ச்சல் என்று படுத்தாய், பிறகு எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் அதை ஸ்டார்ட் செய்யவில்லை. சேவியர் எண்ணெய் விட்டுக் கையால் சுற்றி வைக்கிறான். துரு பிடிக்கவில்லை. முதல் குறிப்பு இவ்வளவுதான்.

இரண்டாவதற்கு வருகிறேன். கோயம்புத்தூர் டிராக்கில் பழைய வண்டிகளுக்கு நடக்கும் ஓட்டத்தில் இதை ஓட்ட வேண்டும் என்பது உன் ஆசை. அதற்கு ரேஸ் ஃப்ரேம் ஒன்றைப் புதிதாகச் செய்ய வேண்டும். ஃப்ரேம் கட்டும் பொன்னுசாமி இரண்டு படங்கள் வரைந்து அனுப்பியிருந்தார். ஒன்றில் இரண்டு குழாய்கள் என்ஜினைச் சுற்றித் தொட்டில்போல வளைந்து வரும். கனமானது, ஆடாமல் நிற்கும். மற்றதில் முதுகெலும்புபோல மேலே ஒரு தடித்த குழாய், அதிலிருந்து என்ஜின் தொங்கும். கீழே குழாயே கிடையாது. லேசானது, நினைத்த மாத்திரத்தில் திரும்பும்.

நான் முதலாவதைச் சொன்னேன். நீ படத்தைப் பார்த்துவிட்டு, "இது ஃப்ரேம் இல்லப்பா, கட்டிலு. நீங்க வேணா படுத்துக்கங்க" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. நீ டிராக்கில் ஓட்டும்போதெல்லாம் வளைவுக்கு முதுகைக் காட்டி, டீ குடிப்பவனைப்போல நின்றவன் நான். சத்தத்தை வைத்தே நீ விழவில்லை என்று தெரிந்துகொள்வேன். எனக்குக் கட்டில்தான் வேண்டியிருந்தது.

நீ போனபின் ஒரு நாள் இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் பக்கம் சரி என்று நிரூபிக்கத்தான் உட்கார்ந்தேன். அந்த டிராக்கில் நேர்ப்பாதை கொஞ்சம், வளைவுகள் அதிகம். தொங்கும் என்ஜினே ஃப்ரேமின் ஓர் உறுப்பாகி விறைப்பைத் தருவதால் கீழ்க்குழாய் இல்லாதது குறையே இல்லை. இதே தத்துவத்தைக் கரும்பலகையில் பாலம் வரைந்து எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். எங்கே தப்பு விட்டேன் என்று மறுபடியும் போட்டேன். மறுபடியும் நீதான் ஜெயித்தாய். முதுகெலும்பு ஃப்ரேமையே செய்யுங்கள் என்று பொன்னுசாமியிடம் சொல்லிவிட்டேன். ஜெயித்தவளிடம் இதை யார் போய்ச் சொல்வது?

அவர் சந்தோஷப்பட்டார். பிறகு, "ஓட்டற ஆளோட அளவு வேணுங்க சார். இடுப்பு டு முழங்கால், முழங்கால் டு குதிகால், தோள் டு மணிக்கட்டு. சீட்டும் கால்மிதியும் அதை வெச்சுத்தான் வெல்டிங்ல பத்தவைக்கோணும். அப்புறம் மாத்த முடியாதுங்க" என்றார்.

நான் போனை உன் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நீ போன அன்று காலையில் சவப்பெட்டி செய்கிறவரும் இதையேதான் கேட்டார். "பிள்ள என்ன ஒயரம் சார்? தோள் அகலம் எம்புட்டு?" வீடு நிறைய ஆட்கள். அளப்பது என்றால் அது என் வேலை என்று எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஒர்க்‌ஷாப்பிலிருந்து உன் டேப்பை எடுத்து வந்து நானே உன்னை அளந்தேன். எதையும் இரண்டு தடவை அளப்பது என் வழக்கம். அன்று தேவைப்படவில்லை. நீ கொஞ்சமும் அசையவில்லை.

பொன்னுசாமிக்கு என்ன அளவு கொடுப்பது என்று யோசித்து, உன் தோல் ரேஸ் உடையை எடுத்துக் கட்டிலில் விரித்தேன். முழங்கால் மடியும் இடத்தில் தோல் சுருங்கியிருந்தது. அதை வைத்து அளந்துவிட்டேன். இது உன் வண்டி, உன் உடம்புக்குத்தான் பொருந்த வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அளவை நாளை அனுப்பிவிடுவேன்.

சேவியருக்கு இது பிடிக்கவில்லை. அவன் உன்னைவிட எவ்வளவு உயரம்! உன் அளவுக்குச் செய்தால் அவன் முழங்கால் முழங்கையில் இடிக்கும். "மொத ஓட்டம் எனக்கு, ரெண்டாவது உனக்குன்னு அக்கா சொன்னாப்பா" என்றான். அது உண்மையா, ஜெசி? நான் வேறு விளக்கம் சொன்னேன். சீட்டைப் பின்னால் தள்ளினால் முன்சக்கரத்தின் மேல் பாரம் குறையும், வளைவில் பிடிப்பு போகும் என்றேன். அவன் எழுந்து போய்விட்டான். அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. வண்டியை யாரும் ஓட்டாவிட்டால் என்ன? முன்னறையில் உன் படத்துக்குக் கீழே நிறுத்தி வைக்கலாம். துடைத்து வைத்தால் அழகாகத்தான் இருக்கும்.

கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்க நேரமாகிவிட்டது என்று உன் அம்மா கூப்பிடுகிறாள். வந்து நான்காவதை எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். மேலே உள்ளதை ஒரு முறை படித்தேன். அடிக்காமல் அப்படியே விடுகிறேன். காலையில் இருந்த நானும் உன் அப்பாதானே.

கல்லறைத் தோட்டம் முழுக்க ஆட்கள். புல் செதுக்குகிறவர்களும் வாளியும் சுண்ணாம்பு மட்டையுமாக அலைகிறவர்களும். உன் தம்பி சிலுவைக்கு வெள்ளை அடித்தான். அம்மா செவ்வந்திப் பூவைக் கோத்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருக்க முடியாமல், நாளைக்கு அளவை அனுப்பப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். யார் அளவு என்றாள். உன் அளவு என்றேன்.

அவள் பூவைக் கீழே வைக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "அவ அளவுக்கு ஒரு பெட்டி செஞ்சு மண்ணுக்குள்ள வச்சாச்சு. இன்னொண்ணு செஞ்சு வீட்டுக்குள்ள வைக்கப் போறீகளா?"

நான் குனிந்து பார்த்தேன். ஈரச் சுண்ணாம்பில் உன் கல்லறை தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நீண்டிருந்தது. அந்த நீளம் நான் கொடுத்தது.

சேவியர் மட்டையை வாளியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "என்னைய அளக்கத்தான் பயமா இருக்காப்பா?" என்றான்.

சீட்டைப் பற்றியும் முன்சக்கரத்தைப் பற்றியும் நான் சொன்னதெல்லாம் இந்த ஒரு கேள்வியை மறைக்கத்தான். அவன் மேல் டேப்பை வைத்தால் அவனையும் பறிகொடுத்துவிடுவேன் என்று ஒரு பயம். இயற்பியல் படித்தவன் இப்படி நினைக்கலாமா? நினைத்தேன், ஆத்தா.

வீட்டுக்கு வந்ததும் அவனை ஸ்டூலில் உட்காரவைத்து, கைப்பிடிக்குப் பதிலாகத் துடைப்பத்தைப் பிடிக்கச் சொன்னேன். "ரேசுக்குப் போறவன் கையில வெளக்கமாத்தக் குடுக்குறாக பாரு" என்று உன் அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள். அதே டேப்தான். இடுப்பிலிருந்து முழங்காலுக்கு இழுத்தேன். கூசுகிறது என்று நெளிந்தான். முதல் தடவை ஓர் அளவு வந்தது, இரண்டாம் தடவை வேறொன்று. மூச்சு விட்டால் தோள் ஏறியது, சிரித்தால் இறங்கியது. ஆடாமல் இருடா என்று அதட்டிவிட்டு, வாய்க்குள் அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஆடட்டும். எத்தனை தடவை வேண்டுமானாலும் அளக்கிறேன்.

பொன்னுசாமியைக் கூப்பிட்டு உன் தம்பியின் அளவைச் சொன்னேன். சீட்டைத் தள்ளுவதால் வரும் குறைக்கு என்ன வழி என்று கேட்டேன். "என்ஜினைக் கொஞ்சம் முன்னாடி தொங்கவுட்டாப் போச்சுங்க" என்றார். பதில் அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது. நான் அதைத் தேடவே இல்லை.

ஆத்தா, ஒரு வாக்குத் தருகிறேன். அவன் ஓட்டும் நாளில் வளைவுக்கு முதுகைக் காட்ட மாட்டேன். டீ வாங்கப் போக மாட்டேன். உனக்கும் சேர்த்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பேன்.

மூன்றாவது குறிப்பு தவறு.

உன்னையும் உன் தம்பியையும் ஒரே டேப்பால் அளந்த,
உன் அப்பா