ஒப்பீட்டுக்கு நீ கொடுத்த இரத்தம்

இன்று காலை குளிர்ப்பெட்டியில் இரத்தத்தைச் சோதிக்கும் கிட் இரண்டு வந்திறங்கின. நாடாவை வெட்டி மூடியைத் திறந்ததும் உருகத் தொடங்கிய ஐஸ் பொதிகளின் ஈரப் பிளாஸ்டிக் வாடை. உன்னோடு சேர்ந்து எத்தனை பெட்டி திறந்திருப்பேன்.

அன்றும் இரண்டு கிட்தான். சுங்கை பூலோவில் நம் ஆய்வுக்கூடம். சிறுநீரகம் கெடத் தொடங்குவதைக் காட்டும் ஒரு புரதத்தை நீரிழிவுக்காரர்களின் இரத்தத்தில் அளக்க வேண்டும். எந்த கிட்டை நம்பலாம் என்று முதலில் பார்த்தாக வேண்டும். நோயாளிகள் கொடுத்ததோ ஆளுக்கு ஒரு சின்னக் குழாய். அதைச் சோதனைக்கு வீணாக்க உனக்கு மனசு வரவில்லை. "கிளாங்ல இருந்து பஸ் ஏறி வந்து குடுத்த ரத்தம்டி. நம்மளத எடு," என்று கையை நீட்டினாய். நோயாளிகளோடு ஒப்பிட வைத்திருந்த நோயில்லாதவர் பட்டியலில் நம் இருவரையும் எழுதினோம்.

முதல் கிட்டில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் வந்தது. அதை ஒதுக்கிவிட்டோம். இரண்டாவதில், சோதனைத் தட்டில் என் இரத்தம் விட்ட குழி வெளிர் மஞ்சள், உன்னுடையது அடர் மஞ்சள்; நிறம் அடர்ந்தால் அந்தப் புரதம் அதிகம். "கிட் கோளாறு லா," என்றாய். நீர்க்க வைத்துப் பார்ப்போம் என்றேன் நான். பாதியாக நீர்த்தால் எண்ணும் பாதியாக வேண்டும். ஆகாவிட்டால் கிட் வேறெதையோ பிடிக்கிறது. உன்னுடையது ஒழுங்காகப் பாதியானது. மறுபடி நீர்க்க வைத்தோம், மறுபடி பாதி. கிட் தேறிவிட்டது என்று இருவருக்கும் அவ்வளவு சந்தோஷம். "நேத்து ரொட்டி சானாய் ஜாஸ்தி, அதான்," என்று சிரித்தாய். சராசரியைக் கெடுக்கிறது என்று உன் எண்ணைப் பட்டியலிலிருந்து அடித்தது நான்தான்.

அளவு சரி என்று உன் இரத்தத்தை வைத்தே நிரூபித்தோம். அப்படியென்றால் உனக்கு நோய். இது ஏன் நம் புத்திக்கு எட்டவில்லை? நோயாளி என்றால் கிளாங்கிலிருந்து பஸ் ஏறி வருகிறவர். நாம் வெள்ளை அங்கி போட்டவர்கள்.

அடுத்த வருடம் உன் கால் வீங்கியது. டயாலிசிஸ் நாற்காலியில் படுத்தபடி, "கிட் சரியாத்தான் சொல்லிச்சு," என்றாய். நான் அழுதேன். "நானும்தானடி பார்த்தேன். உன்ன மட்டும் ஏன் திட்டிக்கிற?" என்றாய். அப்போதே மருத்துவரிடம் போயிருந்தால் சில வருடங்கள் கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. என்னால் என்னை மன்னிக்க முடியவில்லை.

இன்று ஒப்பீட்டுக்கு இரத்தம் தர எங்கள் வேன் ஓட்டும் அண்ணன் வந்தார். சம்மதப் படிவத்தில் இப்போது ஒரு வரி கூடுதலாக இருக்கிறது: எண் மாறுபட்டால் உங்களிடம் சொல்லலாமா? அந்த ஒரு வரிக்காக நெறிமுறைக் குழுவோடு மூன்று கூட்டம் மல்லுக்கட்டினேன்.

"எனக்கென்ன லா, நல்லாத்தானே இருக்கேன்," என்றவர், பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "ஒருவேள ஏதாவது இருந்தா?"

"போன் பண்ணுவேண்ணே. எடுக்கலன்னா வீட்டுக்கே வந்துருவேன்."

அவர் கையெழுத்துப் போட்டார்.

பிரிக்பீல்ட்ஸில் உன் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. உன் எண்ணை நான் அடித்த அன்று சாயங்காலம் ஒரே ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பினோம். உன் எண் இருந்த அந்தத் தாள் என் பையில் இருந்தது.