இரண்டு புலியையும் கண்ணால் பார்த்தாயா

அன்புள்ள மகன் டெரிலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே நலம், நீ அங்கே கையும் காலும் முழுசாக நலமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். மார்ச் பாதி போயும் ஏரிக்காற்று விட்டபாடில்லை, வாசலில் முழங்கால் அளவுக்குப் பனி. முட்டி ஆபரேஷன் ஆன உன் அப்பா பனி வாருகிறேன் என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார், அதட்டி உட்காரவைத்திருக்கிறேன். உன் அக்கா ஜோனின் சின்னவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரித்தால் குட்டிக் கிழவன்தான். நேற்று உனக்கு ஐந்து தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னது உனக்குக் கோபம், தெரிகிறது. அதனால்தான் இன்று செவ்வாய்க்கிழமை காலையிலேயே பேனாவை எடுத்துவிட்டேன்.

நீ அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னாய். உங்கள் காட்சிசாலையில் கூண்டறைக்குள் இருக்கும் கேமராப் படத்தில் இரண்டு புலியும் படுத்திருந்ததாம், நீ முறிந்த கிளையை எடுக்க வெளி முற்றத்துக்குள் போனாயாம், இருபதடி தள்ளி மூங்கில் புதருக்குள் ஒன்று உட்கார்ந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்ததாம். திரையில் படம் பத்து நிமிஷமாக நின்றுபோயிருந்தது பிறகுதான் தெரிந்ததாம். "பின்னாடியே நடந்து வந்துட்டேன்மா, அதுக்கும் என்ன செய்யறதுன்னு தெரியல" என்று சிரித்தாய். உடனே போய்த் தலைமைக் காப்பாளரிடம் சொல்லடா என்றால், "சொன்னா புலி வேலைய விட்டே தூக்கிடுவாங்க, வசந்தத்துல பதவி உயர்வு வருது, நீ பேசாம இரு" என்று போனை வைத்துவிட்டாய். செவ்வாய்க்கிழமை உனக்கு விடுமுறை. அன்றைக்கு உன் இடத்தில் நின்று அதே திரையைப் பார்த்து அதே கதவைத் திறக்கவேண்டியவள் யெசெனியா. அவளுக்கு இரண்டு குழந்தைகள், சின்னதுக்கு இன்னும் நடைகூட வரவில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

எனக்கு இந்தப் பயம் புதிதில்லை. போன கோடையில் என் தோழி பெர்னடெட்டோடு பேருந்தில் விலங்குக் காட்சிசாலைகளாகச் சுற்றினேனே, அப்போதும் இதேதான். ஃபிலடெல்ஃபியாவில் புலி நம் தலைக்கு மேலே கம்பிவலைப் பாதையில் நடந்து போகிறது, ஜனங்கள் அண்ணாந்து கைதட்டுகிறார்கள், நான் வலையின் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிராங்க்ஸில் பழைய சிங்க வீடு கட்டடம் மட்டும் அப்படியே நிற்கிறது, உள்ளே இப்போது குரங்கு மாதிரி இருக்கும் மடகாஸ்கர் லெமூர்கள் தாவுகின்றன. அந்த ஒரு இடத்தில்தான் நிம்மதியாக உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டேன். சிகாகோ பக்கம் புரூக்ஃபீல்டில் தொண்ணூறு வருஷத்துக்கு முன்பே கம்பி வேண்டாம் என்று அகழி வெட்டியிருக்கிறார்கள், அந்த அகழி எத்தனை அடி என்று அங்கே நின்ற ஊழியரை நச்சரித்துவிட்டேன். டெட்ராய்ட்காரர்கள் புத்திசாலிகள், இந்தக் குளிர் யானைக்கு ஆகாது என்று இருந்த இரண்டு கிழட்டு யானைகளையும் என்றைக்கோ கலிபோர்னியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பேருந்து முழுக்கக் கேட்கிற மாதிரி பெர்னடெட் சொன்னாள், "எல்லாரும் புலியப் பாக்க வந்தா இவ ஒருத்தி பூட்டப் பாக்க வந்திருக்கா" என்று. சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

காட்சிசாலைகள் மாறியது நல்லதுக்குத்தான் டெரில், அதை மறுக்க மாட்டேன். நம் ஊர்க் காட்சிசாலையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது சிங்கங்கள் சிமெண்டுத் தரையில் எட்டு அடி வைத்துத் திரும்பும், மறுபடி எட்டு அடி, நாள் முழுக்க. பார்க்கவே பாவமாக இருக்கும். ஆனால் அந்தக் கூண்டில் ஒரு பார்வையில் எண்ணிவிடலாம். இப்போது காடு மாதிரி வளர்த்துவைத்து, மிருகம் ஒளிந்துகொள்ள இடமும் கொடுத்துவிட்டு, அதே காட்டுக்குள் கிளை பொறுக்க உன்னை அனுப்புகிறார்கள். காட்சிசாலை அழகாக ஆக ஆக எனக்குப் பயம்தான் கூடுகிறது.

இதுவரை அப்பாவிடம்கூடச் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். எழுபத்தெட்டாம் வருஷம் நம் ஊரிலும் சிங்க வீட்டுக்குப் பின்னால் பாறையும் புதரும் வைத்து ஒரு முற்றம் கட்டினார்கள். சிங்க வீட்டில் வேலைக்கு எடுத்த முதல் பெண் நான். கதவைத் திறக்குமுன் ஒரு சின்னக் கண்ணாடித் துவாரம் வழியாக உள்ளறையைப் பார்த்து, ஒண்ணு, ரெண்டு என்று வாய்விட்டு எண்ண வேண்டும். கண்ணாடி மங்கிப்போயிருந்தது. உள்ளே உறுமல் கேட்டது, இரண்டும் உள்ளேதான் என்று காதால் எண்ணிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டேன். பெண் சிங்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தது. ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் "பொம்பளைக்கு இது சரிப்படாதுன்னு அப்பவே சொன்னேன்ல" என்று மறுபடி இறைச்சி வெட்டும் அறைக்கே அனுப்பிவிடுவார்கள். கண்ணாடியைப் பற்றிச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. அதனால் அதையும் சொல்லவில்லை. சில நாள் கழித்து, என்னோடு வேலை பார்த்த நார்பர்ட் அதே துவாரம் வழியாகப் பார்த்துவிட்டு முற்றத்துக்குள் போனார். நார்பர்ட்டின் வலது கையைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, சின்ன வயசில் அந்தக் காலிச் சட்டைக்கையைப் பார்த்துத்தானே நீ என் பின்னால் ஒளிவாய். விசாரணையில், கண்ணாடி எனக்குத் தெளிவாகத்தான் தெரிந்தது என்று சொன்னேன். அதற்கப்புறம் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவர் வீட்டுக்கு வால்நட் ரொட்டி சுட்டுக்கொண்டு போகிறேன். "உன்ன மாதிரி யாரு இருக்கா மார்லீன்" என்பார். அதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வருவேன்.

நேற்று நீ ஐந்தாவது தடவையும் போனை எடுக்காதபோது, கோட்டை மாட்டிக்கொண்டு நார்பர்ட் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடுதான் போனேன். உள்ளே வா என்றார், போகவில்லை, வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "எனக்கு அது நடக்கறதுக்கு எத்தன நாளைக்கு முன்னாடியே கண்ணாடி மங்கினது உனக்குத் தெரியும்" என்று மட்டும் கேட்டார். பதினோரு நாள் என்றேன். "பதினோரு நாளா" என்றார். இடது கையால் கதவைச் சாத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உன் தலைமைக் காப்பாளருக்குப் போன் செய்தேன். உங்கள் பக்கம் மூன்று மணி நேரம் பின்னால் இருப்பது நல்லதாகப் போயிற்று, ஆள் கிடைத்தார். மூங்கில், நின்றுபோன படம், உன் பெயர், எல்லாம் சொல்லிவிட்டேன். நாளைக்கு அந்தக் கதவை யாரும் திறக்க மாட்டார்கள் என்றார். நீங்க யாரு பேசறது என்று கேட்டார். அவன் அம்மா என்றேன்.

இந்தக் கடிதம் வருவதற்குள் உன்னைக் கூப்பிட்டு விசாரித்திருப்பார்கள். வேலை போய்விடுமோ, இனி நீ இந்த வீட்டுக்கே வரமாட்டாயோ என்று நேற்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் செய்ததைச் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். மாதா உனக்குத் துணையிருக்கட்டும், எங்கள் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, நீ கேட்டாலும் கேட்காவிட்டாலும். அப்பா தந்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, யெசெனியாவிடம் நீயே நேரில் போய்ச் சொல். அவள் உன் முகத்தில் கதவைச் சாத்தினால் சாத்தட்டும். இரண்டு கையாலும் சாத்தட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
மார்லீன்