ஞாயிற்றுக்கிழமை ஜெர்மன்

சிங்கவரம், செஞ்சி
8.2.2025

அன்புள்ள என்னங்க,

பெயர் எழுதக் கை வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கு நானும் அத்தையும் நலம். உங்கள் நலமறிய ஆவல்.

ஞாயிறு போனில் என்னிடம் ஜெர்மன் மட்டும்தான், வாட்ஸ்அப்பிலும் ஜெர்மன்தான் என்று சட்டம் போட்டீர்கள். தபாலை மறந்துவிட்டீர்கள். அதனால் இந்தக் கடிதம்.

பரீட்சையில் நான் தேறவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஏன் என்று போனில் சொல்ல என் ஜெர்மன் போதவில்லை. அந்த மொழியில் கதவு பெண், மேசை ஆண், சன்னல் இரண்டும் இல்லை. வினைச்சொல் கடைசியில் வருவதும் பெரியவர்களுக்கு மரியாதையாகப் பேசுவதும் நம் மொழியிலேயே இருப்பதால் உடனே பிடிபட்டுவிடுகிறது என்று விழுப்புரம் வகுப்பில் வசந்தா டீச்சர் சொல்கிறார். பொருளுக்கு ஆண் பெண் நம்மிடம் இல்லவே இல்லை. அதைக் காட்டும் சின்னச் சொல்லை விட்டாலும் பேச்சு புரிந்துவிடும். அதனால் காது அதைக் கண்டுகொள்வதே இல்லையாம். திரும்பும் பஸ்ஸில் கோட்டை தெரியும்வரை ஒப்பித்துக்கொண்டே வருகிறேன். பக்கத்து சீட் அம்மா தள்ளி உட்கார்ந்துவிட்டார்.

இந்தப் பரீட்சைக்குத் தப்பும் தவறுமாகச் சொன்னாலும் போதும், நிற்காதே என்கிறார் டீச்சர். எனக்கோ நீங்கள் திருத்துவது ஞாபகம் வந்து வாய் நின்றுவிடுகிறது.

அத்தையிடம் மட்டும் தமிழில் அவ்வளவு நேரம் பேசுகிறீர்கள். பொறாமையாக இருக்கிறது.

உங்கள்
ரஞ்சனி


ஜெர்மனி
27.2.2025

அன்பு ரஞ்சனிக்கு,

டூட்டி முடிந்து வந்து உன் கடிதத்தைப் படித்தேன். சிரிப்பும் வந்தது, கஷ்டமாகவும் இருந்தது. ஆனால் சட்டத்தை மாற்ற முடியாது. நீ தேறாமல் உன்னை இங்கே அழைத்துக்கொள்ள எனக்கு வழியில்லை. எல்லா இடத்திலும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

நானும் இப்படித்தான் கற்றேன். நான் நர்ஸாக இருக்கும் முதியோர் இல்லத்தில் தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள், திருத்துவார்கள். அவமானப்பட்டுத்தான் வாய்க்கு வந்தது. திருத்தாவிட்டால் உனக்கு எப்படி வரும்? கோபம் என்று நினைக்காதே. உனக்கென்று ஒரு தட்டு வாங்கினேன். ஒட்டிய விலைச்சீட்டைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. சீக்கிரம் வா.

அன்புடன்
வெற்றிவேல்


சிங்கவரம்
22.5.2025

அன்புள்ள என்னங்க,

பரீட்சை மறுபடியும் போய்விட்டது. பேனா படத்தைக் காட்டி, அதைக் கேட்டு வாங்கச் சொன்னார்கள். "தயவுசெய்து பேனா கொடுங்கள்", அவ்வளவுதான். பேனா ஆணா பெண்ணா என்று யோசித்து நின்றேன். பரீட்சை எடுத்த அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

போன ஞாயிறு மனசே சரியில்லை. அழ வேண்டும் போலிருக்கிறது என்று உங்களிடம் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே திருத்தினீர்கள். மறுபடி சொல்லச் சொன்னீர்கள். இந்தத் தடவை சரியாகச் சொன்னேன். "வெரி குட்" என்றீர்கள். அதன்பிறகு அழுகை வரவில்லை.

"இன்னாம்மா, புருசங்கிட்ட பேசுறியா, பாடம் ஒப்பிக்கிறியா?" என்றார் அத்தை. நான் மல்லாட்டைத் தோலை உரிக்க உட்கார்ந்துவிட்டேன்.

ரஞ்சனி


ஜெர்மனி
10.6.2025

அன்பு ரஞ்சனிக்கு,

"வெரி குட்" சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

சட்டத்தை எடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் வருகிற ஞாயிறு நாம் தமிழில் பேசுவோம். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, மனதில் இருப்பதையெல்லாம் சொல். பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம்.

உன்
வெற்றிவேல்


சிங்கவரம்
30.6.2025

அன்புள்ள என்னங்க,

நேற்றுக்காகத் தலைகுளித்து, போனுக்குச் சார்ஜ் போட்டு, அத்தை கோயிலுக்குக் கிளம்பும்வரை காத்திருந்தேன். உங்களிடம் சொல்ல எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன்.

"சாப்டியா?" என்றீர்கள். சாப்பிட்டேன் என்றேன். அங்கே வெயிலா என்று கேட்டீர்கள். நல்ல வெயில் என்றேன். உங்கள் ஊரில் மழை என்றீர்கள். அம்மா எங்கே என்றீர்கள், கோயிலுக்கு என்றேன். அதற்குமேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் வரவில்லை. உங்கள் பக்கம் யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் நீங்கள் "வெச்சிடட்டா?" என்றீர்கள்.

சாப்பாடு, வெயில், மழை, குடும்பம். ஜெர்மன் புத்தகத்தில் இது முதல் பாடம். தமிழிலும் நமக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது. கல்யாணமாகி ஒரு மாதத்தில் விமானம் ஏறினீர்கள். பேசிப் பழக வேண்டிய நாளையெல்லாம் பாடத்துக்குக் கொடுத்துவிட்டோம். நான் அழுதால் என்ன சொல்லித் தேற்றுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. பாவம், உங்களுக்கும் தெரியாது.

பரீட்சைக்கு மறுபடி பெயர் கொடுத்திருக்கிறேன். இந்த முறை தேறிவிடுவேன் என்கிறார் டீச்சர். தேறினால் வருவேன். வந்து அந்தத் தட்டில் சாப்பிட உட்கார்ந்தால் என்ன பேசிக்கொள்வோம் என்றுதான் பயமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு ஜெர்மனிலேயே பேசுங்கள். திருத்தவும் செய்யுங்கள். அதிலாவது அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

ரஞ்சனி