உதடு ஒட்டாத மொழி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? இத்தால் சகலருக்கும் அறியத்தருவது: மொன்றியலில் உங்கள் மகனுக்கு ஓர் எதிரி கிடைத்துவிட்டாள்.

என் வகுப்பில் படிக்கும் கஹெந்தே இங்குள்ள பூர்வகுடி மொஹாக் பெண். அழிந்துவரும் அவர்களது மொழியில் ப, ம போன்ற ஒலிகளே இல்லை. உதடு ஒட்டாமலே எல்லாம் பேசுகிறாள். "வாயை மூடடா" என்று நீங்கள் ஏசவே முடியாத மொழி! வகுப்பு முழுக்க அவளையே சுற்றியது. எனக்கு வயிறு எரிந்தது.

தமிழிலும் அப்படிப் பேச முடியும், என் உதடு ஒட்டினால் உன் பையைச் சுமக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

"அலட்டாதை, உன்னால ஏலாது," என்றான் சித்தியின் மகன் அனுஜன்.

"நான் ஆரூரன். ஊர் நல்லூர். சித்தியோட இருக்கிறன்."

உதடு ஒட்டினால்தானே! என் வாயையே பார்த்திருந்த எல்லாரும் கைதட்டினார்கள். வெற்றி எனக்கே.

சித்தியின் கறி நல்லதுதான். ஆனாலும் உங்கள் தூள் கொஞ்சம் அனுப்புங்கள். வொய்ஸ் மெசேஜும் அனுப்புங்கள், ஏச்சாக இருந்தாலும் பரவாயில்லை.

பஸ் வருகிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் வெல்லவில்லை. "தாயை எப்பிடிக் கூப்பிடுவாய்?" என்று கஹெந்தே கேட்டாள். அவளுக்கு அது "இஸ்தா". எனக்கோ, உங்களைக் கூப்பிட்டதும் உதடு ஒட்டிவிட்டது. அவளுடைய பையைச் சுமந்துபோய், வாசலில் காத்து நின்ற அவளின் அம்மாவிடம் கொடுத்தேன்.

உங்கள்
ஆரூரன்