எட்டு நிமிடம் முந்திய குருவி

அச்சுவேலி
நவம்பர் 13

அன்பு உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? வாப்பாவின் இருமல் குறைந்ததா?

நான் படிப்பிக்கும் பாடசாலைக்குப் போகும் வழியெல்லாம் இப்போது கடல் தாண்டி வந்த பறவைகள்தான். வாடகை வீட்டு மாமரத்தடியிலும் ஓர் ஆறுமணிக்குருவி சருகு கிளறித் திரிகிறது. பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு. பொழுதுபடும்போது கத்தும்.

போன திங்கள் ரமழானில் விட்ட நோன்பொன்றைப் பிடித்திருந்தேன். வீட்டுக்கார குணலட்சுமி அன்ரி ஓடிவந்து, "குருவி கத்தீட்டுது பிள்ளை, நோன்பைத் திறவும்" என்றார். நானும் பேரீத்தம்பழத்தை வாயில் வைத்துவிட்டேன். மணியைப் பார்த்தால், நோன்பு திறக்க இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது! கவலைப்படாதீர்கள், அதை வரும் திங்கள் திரும்பப் பிடிப்பேன். இங்கே பாங்கு கேட்பதில்லை. பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு மணி பார்த்துப் பழக்கமுமில்லை.

அன்றிலிருந்து அன்ரிக்குக் குருவியோடு கோபம். "வாற திங்கள் கார்த்திகை பிறக்குது, எனக்கும் விரதம், சோமவாரம். மணிக்கூட்டைப் பார்த்து ரெண்டுபேரும் ஒண்டாச் சாப்பிடுவம்" என்கிறார்.

நம் பள்ளிவாசல் பாங்கைத் தம்பி றிஷாத் போனில் பதிந்து அனுப்பட்டும், நோன்பு திறக்கும் நேரத்துக்கு அலாரமாக வைக்கிறேன். பாடசாலைக்கு நேரமாகிவிட்டது. பேரீத்தம்பழம் இந்த முறை இருவருக்குக் காணும்படி அனுப்புங்கள்.

உங்கள் மகள்
நிலூபா